மலைச்சாலையில் முதல் வேலை தண்ணீருக்கு: ஜவ்வாது மலையிலிருந்து பாலாறு வரை

[காட்சி: விடியற்காலை. ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு இறங்கி வரும் மூன்று பேர். பின்னால் பனி மூடிய மலை.]

வணக்கம். வேலூரிலிருந்து ஒடுகத்தூர் பக்கம் போனால் ஜவ்வாது மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அணைக்கட்டு வட்டத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மூன்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் குக்கிராமங்கள். சாமை, புளி, கடுக்காய் எது விளைந்தாலும் சந்தைக்கு வர மலை இறங்கியாக வேண்டும். சாலை இல்லாத ஊர்களில் உடம்பு முடியாதவர்களை டோலி கட்டித்தான் தூக்கி வருவார்கள்.

2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே குழந்தை இறந்துபோனது. அதன் உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், மேலே போகச் சாலை இல்லாததால் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதித் தூரம் முழுக்க அந்தத் தாய் உடலைக் கையில் ஏந்தி நடந்தார். அவர் அப்படி நடந்துபோன படத்தைப் பார்த்த எல்லோரும் கேட்ட கேள்விதான் இந்த வீடியோவுக்கும் காரணம்: ஒரு மலைக்குச் சாலை போடுவது அவ்வளவு கடினமா?

கடினம்தான். அது எங்கே கடினம் என்று தெரிந்துகொண்டால், எந்தச் சாலை நிற்கும், எது அடுத்த ஐப்பசி மழையோடு போகும் என்று நாமே பார்த்துச் சொல்லிவிடலாம்.

[காட்சி: வெள்ளைத் தாளில் ஒரு சரிவுக் கோடு.]

முதலில் சரிவு. மலைச்சாலைக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் நெறிமுறைகள் சொல்லும் இயல்பான ஏற்றம் 20-க்கு 1. அதாவது 20 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் மேலே ஏறியிருக்க வேண்டும். இன்னும் செங்குத்தான மலை என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இப்போது கணக்குப் போடுங்கள். அடிவாரத்திலிருந்து ஊர் 500 மீட்டர் உயரத்தில் இருந்தால், சாலையின் நீளம் 10 கிலோமீட்டர். ஒற்றையடிப் பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஏறிவிடுகிற அதே ஊர்தான். அந்தப் பத்து கிலோமீட்டரையும் ஒரே மலைச்சரிவில் அடக்க வேண்டும். அதற்காகத்தான் சாலை வலப்பக்கம் போய்த் திரும்பி இடப்பக்கம் வருகிறது. அந்தத் திருப்பம்தான் கொண்டை ஊசி வளைவு.

ஏலகிரிக்குப் போனவர்களுக்கு இது மனப்பாடம். பொன்னேரியிலிருந்து ஏறும்போது 14 வளைவுகள். கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் பெயரும், பாரி, ஓரி, பேகன் என்று கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். மலைச்சாலைக்கு இப்படிப் பெயர் வைக்க யாருக்குத் தோன்றியதோ, அவரை வாழ்த்தலாம். அடுத்த முறை போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல வளைவில் வண்டி திரும்பும் இடம் கிட்டத்தட்டச் சமதளமாக இருக்கும். வளைவின் உட்புற விளிம்பு குட்டையானது, வெளிப்புற விளிம்பு நீளமானது, இரண்டும் ஏறுவது ஒரே உயரம். அதனால் உள்விளிம்பில் ஏற்றம் கடுமையாகிவிடும். அதைத் தவிர்க்கத்தான் வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, உள்வட்டத்தின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி. பஸ் ஒரே திருப்பில் திரும்ப அந்த 14 மீட்டர் வேண்டும்.

[காட்சி: கம்பின் தலையில் தொங்கும் ஒரு குழாய். கேமரா மிக அருகில்.]

சரி, காட்டுக்குள் நின்றுகொண்டு 20-க்கு 1 என்ற கோட்டை எப்படிப் பிடிப்பது? எனக்கு மிகவும் பிடித்த கருவி ஒன்று உண்டு. பெயர் சிலோன் காட் டிரேசர். நிறுத்திய கம்பின் தலையில் ஒரு குழாய் ஊசலாடும். அதன் கீழே எண்கள் பொறித்த சட்டம், அதில் நகர்த்தக்கூடிய ஓர் எடை. எடையை 20 என்ற குறியில் நிறுத்தினால் குழாய் அதே அளவுக்குச் சாய்ந்து நிற்கும். ஒருவர் குழாயின் சின்னத் துளையில் கண் வைத்துப் பார்ப்பார். எதிரே புதருக்குள் இன்னொருவர், குழாய் இருக்கும் அதே உயரத்தில் ஒரு பலகையைப் பிடித்து நிற்பார். "கொஞ்சம் மேலே, இன்னும் மேலே, போதும்" என்றதும் அந்த இடத்தில் ஒரு முளை அடிப்பார்கள். முளை முளையாகப் போனால் மலையின் மேல் ஒரே சரிவில் ஒரு கோடு கிடைத்துவிடும். இன்று செயற்கைக்கோள் படமும், டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியும், ட்ரோனும் வந்துவிட்டன. ஆனாலும் அந்தக் கோட்டை ஒருமுறை நடந்து பார்க்காமல் சாலை போடக் கூடாது. எந்த இடத்தில் ஊற்று கசிகிறது, எந்தப் பாறை மண்ணில் பாதி புதைந்து நிற்கிறது என்பதெல்லாம் நடப்பவர் காலுக்குத்தான் தெரியும்.

அடுத்தது அகலம். இதில் நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். "போடுவதே போடுகிறோம், அகலமாகப் போட்டால் என்ன?" என்பார்கள். சரிவான மலையில் வெட்டும் பகுதியை ஒரு முக்கோணமாக நினைத்துப் பாருங்கள். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வெட்டின் உயரமும் இரண்டு மடங்காகும். அப்படியானால் எடுக்கவேண்டிய மண்ணும் பாறையும் நான்கு மடங்கு. வெட்டின் உயரம் கூடினால் மண்சரிவும் கூடும். குக்கிராமத்துக்குப் போகும் சாலைக்கு ஒற்றை வழி போதும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே ஓர் இடம் விட்டால் சரி. என் கணிப்பில், மலையூருக்குப் போகும் சாலை குறுகலாகவும் உறுதியாகவும் இருப்பதே நல்லது.

அகலம் சட்டத்தோடும் சம்பந்தப்பட்டது. இந்த ஊர்களில் பலவற்றுக்குப் போகும் வழி காப்புக்காடு. காட்டு நிலத்தில் சாலை போட 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு குறுக்கு வழி தந்திருக்கிறது. கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குள் அடங்கும் வேலைக்கு, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், மாவட்ட அளவிலேயே அனுமதி கிடைக்கும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 4 மீட்டர் அகலத்தில் போட்டால் இரண்டரைக் கிலோமீட்டரில் அது தீர்ந்துபோகும். மலையூர்கள் அதைவிடத் தூரத்தில் இருப்பதால்தான் கோப்புகள் மேலே மேலே போகின்றன.

[காட்சி: மழை. வெட்டிய மண்சுவரில் வழியும் செந்நீர்.]

இனி வீடியோவின் முக்கியமான பகுதி. தண்ணீர்.

நம் மலைகளின் உடம்பு கடினப் பாறை, சார்னோக்கைட்டும் நைஸும். அதன் மேல் சிதைந்து செம்மண் ஆன ஒரு போர்வை. அந்தப் போர்வைக்குள் சிதையாமல் மிஞ்சிய உருண்டைப் பாறைகள். சாலைக்காக அடியை வெட்டும்போது அந்தப் பாறைகளைத் தாங்கிய மண்ணைத்தான் எடுக்கிறோம். கோடையில் ஒன்றும் ஆகாது. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறியதும் பிடி விட்டுப்போகும். பாறை சாலையில் வந்து உட்காரும்.

மழை நீர் நான்கு வழியில் சாலையைத் தின்னும். மேலிருந்து வெட்டுச் சுவர் மீது வழியும். சாலையின் மேலேயே ஓடும். சாலைக்கு அடியில் ஊறும். ஓடையாகக் குறுக்கே வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி செய்ய வேண்டும். வெட்டுக்கு மேலே, கொஞ்சம் தள்ளி ஒரு தடுப்பு வாய்க்கால், வரும் நீரைச் சாலைக்கு விடாமல் பக்கத்து ஓடைக்குத் திருப்ப. சாலையின் மலைப்பக்க ஓரத்தில் ஒரு வாய்க்கால். ஓடை கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறுபாலம். அதன் குழாயில் ஆள் குனிந்து நுழைந்து சகதியை அள்ள முடிய வேண்டும். குழாய் சின்னதாக இருந்தால் ஒரு மரக்கிளையும் கொஞ்சம் சருகும் போதும், அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் சாலைக்கு மேலே ஏறிப் போகும், சாலை பாதியாக அறுந்துவிடும்.

அடிக்கடி விட்டுவிடுவது குழாயின் வெளிவாய். மலையின் நீரெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அங்கே பாய்கிறது. கீழே கல் பதித்த தளம் இல்லையென்றால் அது புதிதாகக் கொட்டிய மண்ணைக் குடைந்து, கீழிருந்து மேலாகச் சாலையைத் தின்றுகொண்டே வரும். மேலே தார் புதிதாகப் பளபளக்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

[காட்சி: தடுப்புச் சுவரில் வரிசையாகச் சின்னத் துளைகள். ஒரு விரல் துளைக்குள் போகிறது.]

இந்தத் துளைகளைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற விட்டவை. ஈர மண்ணின் எடையோடு நீரின் அழுத்தமும் சேர்ந்தால் எவ்வளவு கனமான சுவரும் சாயும். துளை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், பின்னால் ஜல்லி அடுக்கியிருக்க வேண்டும். விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத்தில் காய்ந்த சிமென்ட் தட்டுப்பட்டால் அது பெயருக்கு வைத்த துளை. மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் சுலபம். வேலை செய்யும் துளையின் கீழே ஈரக்கோடு இருக்கும்.

சாலையின் பள்ளத்தாக்குப் பக்கத்தையும் பாருங்கள். மலையை வெட்டிய மண்ணை அப்படியே வெளிப்பக்கம் கொட்டிச் சாலையை அகலமாக்குவது வழக்கம். வெட்டிய பாதி பாறை மேல் நிற்கும், கொட்டிய பாதி வெறும் மண் மேல் நிற்கும். சரிவில் படி படியாக வெட்டி, அடுக்கடுக்காக உருளை ஓட்டி இறுக்கினால்தான் அது பிடிக்கும். விளிம்பில் பிறை நிலா வடிவில் விரிசல் தெரிந்தால் அந்தப் பாதி நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஏற்றம் கடுமையான இடத்திலும் வளைவிலும் தாருக்குப் பதில் கான்கிரீட் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. வளைவில் சக்கரம் தேய்த்துத் திரும்பும்போது தாரிலிருந்து ஜல்லி பெயரும். பெயர்ந்த குழியில் நீர் புகும். மறுபடி அதே தண்ணீர்.

[காட்சி: பாலாறு. அகன்ற மணல்வெளி, தூரத்தில் பாலம்.]

மலையிலிருந்து இறங்கினால் பாலாறு. வருஷக்கணக்கில் மணலாகக் கிடக்கும், வந்தால் ஒரே நாளில் வந்துவிடும். 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துப்போன வெள்ளத்துக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது. 2021 மழைக்குப் பிறகு, அந்த டிசம்பரில், திருவலம் அருகே, பாலாற்றில் கலக்கும் பொன்னை ஆற்றின் ரயில் பாலத்தில் பழுது கண்டு ரயில்களை நிறுத்தினார்கள்.

மணல் ஆற்றில் பாலத்துக்குக் கால் ஊன்றுவது நம் பாட்டன் வேலைதான். உறைக்கிணறு இறக்குவது தெரியும் அல்லவா? உறையை மேலே வைத்து உள்ளே மணலை அள்ள அள்ள, அது தன் எடையிலேயே இறங்கும். பாலத்தின் கிணற்று அஸ்திவாரமும் அதே முறை, அளவுதான் பெரிது. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று மணலை அரித்துப் பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளத்தின் ஆழத்தைத் தாண்டி உறை இறங்கியிருந்தால் பாலம் நிற்கும். ஆற்றில் மணலை அள்ளி அள்ளிப் படுகையைத் தாழ்த்தும்போது, அன்று போதுமாக இருந்த ஆழம் இன்று போதாமல் போகிறது. மேலே கைப்பிடிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்களே, அந்தச் சமயத்தில் கீழே இறங்கி ஒரு முறை தூணடியை அளந்தால் எவ்வளவோ நல்லது.

[காட்சி: மறுபடி மலைச்சாலை. புரட்டாசி மாதத்து மதியம்.]

மலையில் மழைக்கு முன்னால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சாலைப் பணியாளர் ஒருவர் மண்வெட்டியோடு மலைப்பக்க ஓரத்தில் போகிறார். வாய்க்காலில் ஒரு வருஷத்துச் சருகு, சரிந்த மண், யாரோ போட்ட தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் வாரி வெளியே போடுகிறார். சிறுபாலத்தின் வாயில் குனிந்து உள்ளே பார்க்கிறார். மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறது. எழுந்து அடுத்த சிறுபாலத்துக்கு நடக்கிறார்.