9 டாலர் குண்டு பல்ப்

வணக்கம் மக்களே. நேற்று ராத்திரி இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் மைனஸ் 21 டிகிரி. காலையில் மண்பாண்டம் செய்கிற என் கராஜைத் திறந்ததும் அங்கே இருக்கிற பழைய ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டுக் களிமண்ணை அமுக்கினேன். விரல் இறங்கியது, மண் உறையவில்லை! அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த வீடியோ.

களிமண் பைகள் குளிரில் உறையாமல் இருக்க அவற்றை ஓடாத ஃபிரிட்ஜில் அடுக்கி வைத்திருக்கிறேன். குளிரை வெளியே விடாத பெட்டி, குளிரை உள்ளேயும் விடாது. உள்ளே ஒரு குண்டு பல்ப் எரிந்தால் அந்தச் சூடே போதும். அது கிடைத்தால்தானே! கனடாவில் 40, 60 வாட் சாதாரண குண்டு பல்புகளுக்கு 2014 கடைசியில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடையில் அலமாரி முழுக்க எல்இடி. அதில் சூடு ரொம்பக் கம்மி. எனக்கு வெளிச்சம் எதற்கு, மண் என்ன பரீட்சைக்கா படிக்கிறது? கடைப் பையன் வேறு, "இதில் கரண்ட் மிச்சம்" என்று விளக்குகிறான். தம்பி, எனக்கு வீணாகிற கரண்ட்தான் வேண்டும்! கடைசியில் ஓவனுக்குள் எரிகிற 40 வாட் பல்ப் கிடைத்தது. அந்த ரகத்துக்குத் தடை இல்லை. விலை 9 டாலர். ஒரு பல்ப், மக்களே. 9 டாலர்.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். பல்பை நேராகச் சொருகவில்லை. 2 டிகிரிக்கு இறங்கினால் ஆன், 7-க்கு ஏறினால் ஆஃப் ஆகிற பிளக் ஒன்று நடுவில் இருக்கிறது. பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் உண்டு. மண் பை பிளாஸ்டிக், பட்டால் உருகிவிடும்.

உறைந்தால் மண் கெட்டுப்போகாது, உண்மைதான். ஆனால் தண்ணீர் ஐஸாகப் பிரிந்துவிடும். உருகியதும் ஒரு பக்கம் சொதசொத, இன்னொரு பக்கம் கட்டி, நடுவில் ஏடு ஏடாக. முழுப் பையையும் மறுபடி பிசைய வேண்டும். பிசைகிற வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

கிளேஸ், அதாவது பாண்டத்துக்குப் பூசுகிற பளபளப்புக் கலவை, அந்த வாளிகள் எல்லாம் வீட்டுக்குள், வாஷிங் மெஷின் பக்கத்தில். வீட்டில் முணுமுணுப்பு, சரி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், வாளி பிளந்தால் அதைவிடப் பெரிய முணுமுணுப்பு வரும். ஈரமான பிளாஸ்டர் பலகைகளும் உள்ளே வந்துவிட்டன, உறைந்தால் உதிர்ந்துவிடும். சக்கரத்தைக் காலையில் சும்மா மெதுவாகச் சுற்றவிடுகிறேன். குளிரில் பெல்ட் விறைத்துக் கிடக்கும், எடுத்ததும் வேகம் கொடுக்கக்கூடாது.

அப்புறம் சூளை. ஆயிரம் டிகிரிக்கு மேல் போகிற சாமானுக்குக் குளிர் ஆகாது என்றால் சிரிப்பு வருகிறது. உள்ளே இருக்கிற கம்பிக்கும் கல்லுக்கும் ஒன்றும் இல்லை, வெளியே இருந்து சூட்டைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர்தான் சீமான் வீட்டுப் பிள்ளை. சில கன்ட்ரோலர்கள் பூஜ்யத்துக்குக் கீழே எரர் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். அதனால் முதலில் ஹீட்டர் போட்டு கராஜைச் சூடாக்குகிறேன், பிறகுதான் சூளைக்கு ஸ்விட்ச். கன்ட்ரோலரைச் சூடாக்க ஹேர் டிரையர் போதுமே என்று கமெண்டில் எழுத வேண்டாம். போதும்தான், ஆனால் அதை யார் பிடித்துக்கொண்டே நிற்பது?