சோம்பலா, அச்சமா? அச்சமே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திரளாக வந்திருக்கும் பெற்றோரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

'மாணவர்கள் படிப்பைத் தள்ளிப்போடக் காரணம் சோம்பலா, அச்சமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அச்சமே என்று வாதாட வந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். தினமும் பார்ப்பதைத்தான் பேசப்போகிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை" என்றார். ஐயா, திருப்புதல் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு மாணவன் வீட்டை எட்டிப் பாருங்கள். கார்பனைல் சேர்மங்கள் பாடத்தை அவன் இன்னும் தொடவில்லை, உண்மைதான். ஆனால் சும்மாவா இருக்கிறான்? உயிரியல் ரெக்கார்டு நோட்டில் படமெல்லாம் வரைந்து பாகம் குறித்தாயிற்று. அலமாரியைத் துடைத்துப் புத்தகங்களை அடுக்கியாயிற்று. நான்கு நிறப் பேனாவில் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. அம்மா சொல்லாமலே கடைக்குக்கூடப் போய் வந்துவிட்டான். சோம்பேறி செய்கிற வேலையா இதெல்லாம்?

அந்த ஒரு பாடத்தைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆல்டால் குறுக்கம் என்ற வேதிவினை புரியாது. கான்னிசரோ வினை அதோடு சேர்ந்து குழப்பும். 'எனக்கு இது வராது' என்ற எண்ணம் நெஞ்சை அடைக்கும். அந்த எண்ணத்தைச் சந்திக்கப் பயந்துதான் அலமாரியைத் துடைக்கிறான். சிரோய், பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2013-ல் இதைத்தான் விளக்கினார்கள்: ஒரு வேலை மனத்தில் கிளப்பும் கசப்பை அப்போதைக்குத் தணித்துக்கொள்ளவே மனிதர்கள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிற பெண்ணும் தள்ளிப்போடுகிறாள். கட்டுரைப் போட்டிக்குக் கடைசி நாள் வரை ஒரு வரி எழுத மாட்டாள். எழுதினால் அது சுமாராக வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. அவளைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல எதிரணிக்கு வாய் வருமா?

கைப்பேசிதான் காரணம் என்றார் அடுத்துப் பேசிய நண்பர். பயந்த பிள்ளை ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேடுகிறது, கைப்பேசி மிக அருகில் இருக்கிறது. பிடுங்கி வைத்தாலும் கார்பனைல் பாடம் தானாகத் திறந்துகொள்வதில்லை.

'நெடுநீர் மறவி மடிதுயில்' என்று குறளையும் துணைக்கு அழைத்தார்கள். மடியின்மை அதிகாரத்துக் குறள்தான், மறுக்கவில்லை. ஆனால் கெட்டுப்போகிறவர் விரும்பி ஏறும் கலன்கள் என்று வள்ளுவர் நான்கை எண்ணுகிறார். காலம் நீட்டிப்பது ஒன்று, மறதி ஒன்று, சோம்பல் ஒன்று, தூக்கம் ஒன்று. நீட்டிப்பதும் சோம்பலும் ஒன்றேயானால் நான்கு என்று ஏன் எண்ண வேண்டும்?

மாணவர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 'கடைசி ராத்திரி படித்தால்தான் எனக்கு ஏறும்' என்கிறீர்கள். 1997-ல் அமெரிக்காவில் டைஸ், பாமைஸ்டர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களைப் பருவம் முழுக்கக் கவனித்தார்கள். தள்ளிப்போட்டவர்கள் தொடக்கத்தில் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். பருவம் முடியும்போது மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் மற்றவர்களைவிட அவர்களுக்கே அதிகம். மதிப்பெண்ணும் குறைவு. உங்கள் உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா.

சரி, வழி என்ன? திட்டுவது வழியல்ல. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட முதலாண்டு மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன்பு குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? 'சோம்பேறி, சோம்பேறி' என்று சொல்லிச் சொல்லி, இருக்கிற பயத்தோடு அவமானத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

ஜெர்மனியில் கோல்விட்சர் என்ற பேராசிரியரும் அவருடன் பணியாற்றியவரும் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். கிறிஸ்துமஸ் முந்தின நாளை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

அதனால் நான் வகுப்பில் 'பாடத்தைப் படித்துக்கொண்டு வா' என்று சொல்வதில்லை. "சாயங்காலம் டீ குடித்ததும், திண்ணையில் உட்கார்ந்து, கான்னிசரோ வினையை மட்டும் புத்தகத்தைப் பார்த்தே எழுது. புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவா" என்பேன். அந்தக் கோடு முக்கியம், நடுவர் அவர்களே. புரியாமல் போவதும் வீட்டுப்பாடத்தில் ஒரு பகுதி என்று ஆனபின் அதைக் கண்டு ஓட வேண்டியதில்லை. மறுநாள் கோடு போட்ட நோட்டோடு வருகிற பிள்ளைக்கு எங்கே தொடங்கிச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கும் தெரிந்துவிடுகிறது.

சோம்பல் என்று நீங்கள் தீர்ப்பளித்தால், இங்கே வந்திருக்கும் பெற்றோர் அதே பழைய வசவோடுதான் வீடு திரும்புவார்கள். அச்சம் என்று தீர்ப்பளியுங்கள். இன்றிரவே அவர்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த இடத்துலப்பா புரியல?" என்று கேட்கட்டும்.

நன்றி, வணக்கம்.