வீக்கம் எப்படி வடிகிறது?

எல்லாருக்கும் வணக்கம்.

காலில் சீமைக் கருவேல முள் ஏறாதவர்கள் இந்த அவையில் அநேகமாக இருக்க மாட்டீர்கள். ஏறிய அன்று சாயங்காலமே அந்த இடம் சிவந்துவிடும், தொட்டால் சுடும். மறுநாள் வீங்கி விண் விண் என்று தெறிக்கும். அப்புறம் சீழ் கோக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும். வீட்டில் யாராவது முள்ளை எடுத்துவிடுவார்கள். பத்து நாள் போனால் வீக்கம் வடிந்து, எந்தக் காலில் குத்தியது என்பதே மறந்துவிடும்.

சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நான்கையும் எழுதிவைத்தார். இதைத்தான் அழற்சி என்கிறோம். இது எப்படித் தொடங்குகிறது என்று மருத்துவ உலகம் துருவித் துருவிப் பார்த்திருக்கிறது. எப்படி முடிகிறது என்று கேட்டவர்கள் குறைவு. எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணைகிற மாதிரி அதுவாக அடங்கிவிடும் என்றே நினைத்திருந்தோம். முப்பது வருடம் உடலியங்கியல் பாடம் நடத்தியவன் நான். பாதிக் காலம் வரை மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது அப்படியல்ல. அழற்சி தானாக அடங்குவதில்லை, உடல் அதை வேலை செய்து அடக்குகிறது. மூட்டுகிற பொருளும் அடக்குகிற பொருளும் ஒரே சரக்கிலிருந்து வருகின்றன. அந்தச் சரக்கு, நம் வெள்ளணுக்களில் இருக்கும் கொழுப்பு.

வெள்ளணுவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் அடிப்படை கொழுப்பு, இரண்டு அடுக்காக அடுக்கியது. அதை வெறும் வேலி என்று நினைக்க வேண்டாம், அது ஒரு சரக்கறையும்கூட. அந்த அடுக்கில் அரக்கிடோனிக் அமிலம் என்ற, 20 கார்பன் நீளமுள்ள கொழுப்புச் சங்கிலி செருகப்பட்டிருக்கிறது. முள்ளோடு கிருமியும் உள்ளே போனதும், ஒரு நொதி வந்து இந்தச் சங்கிலியைச் சவ்விலிருந்து கத்தரித்துவிடுகிறது. கத்தரித்த சங்கிலி இரண்டு வழிகளில் போகலாம். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியிடம் போனால் புராஸ்டகிளாண்டின் ஆகும். அது ரத்தக் குழாயை விரிக்கும், நரம்பை வலிக்கு எளிதில் துடிக்கிறதாக ஆக்கும், காய்ச்சலையும் ஏற்றும். லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியிடம் போனால் லியூக்கோட்ரையீன் ஆகும். அதில் ஒரு வகை மற்ற வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும், மற்ற வகைகள் மூச்சுக் குழாயை இறுக்கும்.

புராஸ்டகிளாண்டினுக்கு 1935-இல் பெயர் வைத்தவர் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர். அதே நாட்டின் சூனே பெரிஸ்ட்ரோம் ஆட்டுச் சுரப்பிகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். ஆஸ்பிரின் 1899 முதலே கடையில் இருந்தாலும், அது எதைத் தடுக்கிறது என்பது 1971-இல்தான் தெரிந்தது. லண்டனில் ஜான் வேன், கினிப் பன்றியின் நுரையீரலை வைத்துக்கொண்டு, ஆஸ்பிரின் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகிறது என்று காட்டினார். லியூக்கோட்ரையீனைக் கண்டறிந்த பெங்ட் சாமுவேல்சன், பெரிஸ்ட்ரோம், வேன் மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டு வழி விஷயத்தை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் அக்காவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இளைப்பு, அதாவது ஆஸ்துமா, வந்தது. மூக்கிலும் சதை வளர்ந்திருந்தது. ஒரு ராத்திரி பல்வலி தாங்காமல், கடையில் வாங்கிவைத்திருந்த ஆஸ்பிரினைப் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு முட்டியது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க நின்றாள். அவளால் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். உள்ளே விசில் மாதிரி சத்தம் கையில் அதிர்ந்தது. வயலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்குத் திரும்பும் அல்லவா? ஆஸ்பிரின் புராஸ்டகிளாண்டின் மடையை அடைத்தது. இப்படிப்பட்டவர்களின் உடலில் அப்போது லியூக்கோட்ரையீன் பெருகி மூச்சுக் குழாயை நெரித்துவிடும். அக்கா பிழைத்துக்கொண்டாள். இளைப்பும் மூக்குச் சதையும் உள்ளவர்கள் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடாதீர்கள்.

சரி, அழற்சி எப்படி முடிகிறது என்பதற்கு வருவோம். சாமுவேல்சனின் ஆய்வகத்தில் சார்லஸ் செர்ஹான் என்ற இளைஞர் வேலை செய்தார். 1984-இல் அவர்கள் அதே அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் இன்னொரு பொருளைக் கண்டார்கள். அதற்கு லிப்பாக்சின் என்று பெயர். அது மூட்டிவிடுகிற பொருள் அல்ல, புதிதாக வெள்ளணுக்கள் வருவதை நிறுத்துகிற பொருள். பிறகு பாஸ்டனில் செர்ஹானின் குழுவினர் எலிகளில் அழற்சி உண்டாக்கி, அந்த இடத்தில் ஊறும் நீரை மணிக்கணக்கில் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். முதலில் லியூக்கோட்ரையீனும் புராஸ்டகிளாண்டினும் ஏறுகின்றன. கொஞ்ச நேரம் கழித்து லிப்பாக்சின் ஏறுகிறது. இந்த மாற்றத்தைத் தூண்டுவது எது தெரியுமா? புராஸ்டகிளாண்டினேதான். வீக்கத்தை உண்டாக்கிய அதே பொருள், வெள்ளணுவுக்குள் நொதிகளை மாற்றிவைத்து, வீக்கத்தை முடிக்கும் பொருளையும் தயாரிக்கச் சொல்கிறது. 2001-இல் இது வெளிவந்தபோது படித்துவிட்டு நான் அன்று இரவு தூங்கவில்லை. இத்தனை வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமே என்ற வருத்தம் ஒரு பக்கம், இவ்வளவு அழகான ஏற்பாடா என்ற வியப்பு ஒரு பக்கம்.

அதற்கு முன்பே, 1999-இல், லண்டனில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இன்னும் கூர்மையானது. ஆஸ்பிரின் மாதிரி புராஸ்டகிளாண்டினைத் தடுக்கும் மருந்து, தொடக்கத்தில் கொடுத்தால் அழற்சியைக் குறைத்தது; அதே மருந்து, அழற்சி அடங்க வேண்டிய கட்டத்தில் கொடுத்தபோது அழற்சியை நீட்டித்தது. மனிதருக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் தொட்டதற்கெல்லாம் வலி மாத்திரை போடும் வழக்கத்தை நாம் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மீன் கொழுப்பிலிருந்தும் இப்படி அடக்கும் பொருள்கள் உண்டாகின்றன. 2002-இல் அவற்றுக்கு ரிசால்வின் என்று பெயரிட்டார்கள். மத்தி, அயிலை சாப்பிடுகிறவர்களின் வெள்ளணுச் சவ்வில் அந்தக் கொழுப்பு ஏறி உட்கார்ந்துவிடும். அப்படியானால் மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் போதுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துச் சோதித்து 2018-இல் முடிவு சொன்னார்கள்: மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படி குறையவில்லை. மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், டப்பாவை நம்பிவிடாதீர்கள்.

அழற்சி முடியாமலே போனால் என்ன ஆகும்? சிலருக்கு இமையோரம் மூக்குப் பக்கமாக மஞ்சள் திட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் கொலஸ்ட்ராலை விழுங்கி விழுங்கிப் பருத்துப்போன விழுங்கு செல்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்கள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் சோப்பு நுரை மாதிரி தெரியும், அதனால் நுரை செல்கள் என்கிறோம். இதே செல்கள் இதயத் தமனியின் சுவரிலும் சேர்கின்றன. உள்ளே கொலஸ்ட்ரால் படிகமாக உறைந்து ஊசி ஊசியாக நிற்கும். அந்த ஊசி, காலில் குத்திய முள் மாதிரியே, அபாயம் என்று செல்லைக் கத்த வைக்கும். இந்த முள்ளை எடுக்க ஆள் கிடையாது. மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்த முடிவு 2017-இல் வந்தது. கொலஸ்ட்ரால் அளவு குறையவில்லை, ஆனாலும் மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் சாவும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். அழற்சியை முரட்டுத்தனமாக அமுக்கினால் கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிறது. முடிக்கத் தெரிந்த மருந்து வேண்டும் என்று செர்ஹானைப் போன்றவர்கள் தேடுவது இதனால்தான்.

முள் குத்திய காலுக்குத் திரும்புவோம். நான்கைந்து நாளில் சீழில் செத்துக் கிடக்கும் வெள்ளணுக்களைப் பெரிய விழுங்கு செல்கள் ஒவ்வொன்றாக விழுங்குகின்றன. விழுங்க விழுங்க அவையே அடக்கும் கொழுப்புகளையும் சுரக்கின்றன. வேலை முடிந்ததும் பல அங்கேயே கிடப்பதில்லை. நிணநீரில் ஏறித் தொடையிடுக்குக்குப் போகின்றன, நெறி கட்டியிருந்ததே, அதே இடத்துக்கு. காலில் வீக்கம் வடிந்தபின்னும் அங்கே தடவிப் பார்த்தால் இன்னும் சில நாள் சுண்டைக்காய் அளவில் கையில் தட்டுப்படும். அப்புறம் அதுவும் கரைந்துவிடும்.