கடிகாரத்துக்குள் ஒரு துளி எண்ணெய்

வணக்கம் நேயர்களே. தனியாளாக உட்கார்ந்து கைக்கடிகாரம் செய்பவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன்.

தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, ஓட்டாமலே போட்டுவைத்தால் என்ன ஆகும்? பிசின் மாதிரி கெட்டியாகிச் சக்கரம் இறுகும். சாவி கொடுக்கிற கடிகாரத்துக்கும் அதே வியாதிதான். உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஊஞ்சல் போல ஆடுகிறது. அதை விடாமல் தள்ளிக்கொடுப்பது எஸ்கேப்மென்ட். காதில் விழும் டிக் டிக் அதனுடையது. மணிக்கு 18,000 டிக் என்றால் ஒரு நாளைக்கு 4,32,000. வழக்கமான கடிகாரத்தில் ஒவ்வொரு டிக்குக்கும் எஸ்கேப்மென்ட் சக்கரத்தின் ஒரு பல், ரூபிக் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. வழுக்குகிற இடமென்றால் எண்ணெய் வேண்டுமே! கூடுதலாக வைத்தால் கல்லில் நிற்காமல் பரவிவிடும். குறைத்தால் காய்ந்து உராயும். அளவாக வைத்தாலும் சில வருஷத்தில் கெட்டியாகும். 270, 300 டிகிரி ஆடிக்கொண்டிருந்த பேலன்ஸ் 200க்குக் கீழே இறங்கிவிட்டால், கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் தனியாளாகக் கைக்கடிகாரம் செய்த ஜார்ஜ் டேனியல்ஸ் 1970களில் இதைப் பிடித்துக்கொண்டார். நல்ல எண்ணெயைத் தேடவில்லை, கவனியுங்கள். வழுக்கலையே ஒழிக்கப் பார்த்தார். ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும்போது முதுகைத் தேய்த்துக்கொண்டா போகிறோம்? ஒரு தள்ளு, கையை எடுத்துவிடுகிறோம். அப்படித் தள்ளுவதற்காக ஒரே அச்சில் இரண்டு பல்சக்கரங்களை வைத்தார். கோ-ஆக்சியல் என்று பெயர். அச்சு முனைகளுக்கு எண்ணெய் வேண்டும்தான். ஆனால் தள்ளுகிற இடம் அதை நம்பியிருக்கவில்லை. சுவிஸ் கம்பெனிகளின் கதவை அவர் தட்டித் தட்டி, 1999இல்தான் ஒமேகா கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடிகாரம் வாங்கும்போது தங்கம் எவ்வளவு, வைரம் எத்தனை என்று கேட்கிறோமே, அதைவிட எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை திறக்கவேண்டும், திறந்தால் எந்தப் பாகத்தையும் உடைக்காமல் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். பேரன் கையில் ஓடுமா என்பது அதில்தான் இருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். முகப்பு, முள் எல்லாம் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். சுவிட்சர்லாந்தின் கடிகாரக் கைவினைஞர் ஃபிலிப் டுஃபோர் 2000இல் கொண்டுவந்த சிம்ப்ளிசிட்டி என்ற கைக்கடிகாரத்தில், உள்ளே இருக்கும் தகடுகளின் விளிம்பைச் சரிவாகச் சீவி, ஜென்ஷன் செடியின் காய்ந்த தண்டால் மெருகேற்றியிருப்பார். இரண்டு சரிவுகள் உள்பக்கமாகக் கூடும் மூலையை லூப், அதாவது கண்ணில் வைக்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, வைத்துப் பாருங்கள். சுழலும் கருவி போனால் அந்த மூலை வட்டமாகத்தான் நிற்கும். கத்திமுனை போலக் கூராக இருந்தால், அங்கே அரம் பிடித்த கை போயிருக்கிறது. வணக்கம்.