அரசே பொய் எண் கொடுத்தால் தரவு இதழியலால் என்ன பயன்? – கேள்விக்கு விளக்கம்

வணக்கம். தரவு இதழியல், அதாவது எண்களையும் பதிவேடுகளையும் ஆராய்ந்து செய்தி எழுதுவது பற்றிப் போன பகுதியில் பேசியதற்கு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இன்று விரிவாகப் பதில் சொல்கிறேன். கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "தரவு இதழியல் செய்பவர்கள் பயன்படுத்தும் எண்களில் பெரும்பகுதி அரசாங்கங்கள் வெளியிடுபவை. பல நாடுகளில் ஆட்சி சர்வாதிகாரத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. எண்ணைக் கொடுப்பவரே பொய் சொன்னால், அதை வைத்து அழகாக வரைபடம் போடுவது அந்தப் பொய்க்குத் துணைபோவதுதானே? கோடு (கணினி நிரல்) எழுதத் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஏதாவது வேலை இருக்கிறதா?"

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பொய் எண் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 28 அன்று வெனிசுவேலாவில் அதிபர் தேர்தல் நடந்தது. அன்று நள்ளிரவு தாண்டியதும் தேர்தல் ஆணையம் முடிவை அறிவித்தது. 80 சதவீத வாக்குகள் எண்ணப்பட்ட நிலையில் நிக்கோலஸ் மதுரோவுக்கு 51,50,092 வாக்குகள், அதாவது 51.2 சதவீதம். எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலசுக்கு 44,45,978 வாக்குகள், 44.2 சதவீதம். மற்ற எல்லாருக்கும் சேர்த்து 4,62,704 வாக்குகள், 4.6 சதவீதம்.

இந்த மூன்றையும் கூட்டினால் 1,00,58,774 வரும். சரி, இப்போது தலைகீழாகப் போவோம். அந்தக் கூட்டுத்தொகையில் 51.2 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். 51,50,092.288 என்று வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டால் மதுரோவின் வாக்கு, ஒன்றுகூடக் கூடாமல் குறையாமல். 44.2 சதவீதம் போட்டால் 44,45,978.108. அதுவும் அப்படியே. 4.6 சதவீதம் 4,62,703.604, முழு எண்ணாக்கினால் 4,62,704.

உண்மையாக எண்ணப்பட்ட வாக்குகள் இப்படி வழவழப்பாக வராது. சதவீதம் போட்டால் 51.1873 என்றோ 51.2219 என்றோ பிசிறோடுதான் வரும். இங்கே 0.1 சதவீதம் என்பது ஏறக்குறைய 10,058 வாக்குகள். 51.2 என்று முழுமையாக்கக்கூடிய அத்தனை எண்களில் ஒன்றுதான் இப்படிச் சரியாகப் பொருந்தும். ஆகவே ஒரு வேட்பாளருக்கு இப்படித் துல்லியமாக அமைவது சுமார் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அமைவது ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று. மூன்றாவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு முடிவானால் மூன்றாவது தானாக முடிவாகிவிடும்.

அப்படியானால் மோசடி நிரூபணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. இந்த இடத்தில்தான் தரவு இதழியலாளர் நாக்கை அடக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட வாக்குகள் கூட்டி வந்தவை போலத் தெரியவில்லை, சதவீதத்தை முதலில் வைத்துக்கொண்டு வாக்கைப் பின்னால் கணக்கிட்டது போல இருக்கிறது. இந்தக் கணக்கு சொல்வது அவ்வளவுதான். கையில் சதவீதம் மட்டுமே இருந்த யாரோ ஓர் அலுவலர் அறிக்கைக்காக வாக்குகளைத் திரும்பக் கணக்கிட்டு எழுதியிருக்கவும் கூடும். நமக்கு எரிச்சலூட்டும் சாத்தியங்களையும் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

முடிவையே ஆட்டம் காணவைத்தது வேறொன்று. அந்த நாட்டில் வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு எந்திரமும் தன் முடிவை ஒரு நீளத் தாளில் அச்சிடும். அதன் பிரதி அங்கே இருக்கும் கட்சி முகவர்களுக்குக் கிடைக்கும். தாளில் ஒரு க்யூஆர் கோடும் இருக்கும். எதிர்க்கட்சி இந்தத் தாள்களை நாடு முழுக்கத் திரட்டி, ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஏறக்குறைய 24,000 படங்களை எடுத்து, க்யூஆர் கோடுகளை நிரல் எழுதிப் படித்துக் கூட்டியது. அவை மொத்த எந்திரங்களில் 79 சதவீதத்துக்கு உரியவை. கொன்சாலசுக்கு 68.9 லட்சம் வாக்குகள், மதுரோவுக்கு 31.3 லட்சம். தாள்கள் அசல்தானா என்பதைத் தாங்களாக உறுதிப்படுத்த முடியவில்லை என்பதையும் அவர்கள் அதே செய்தியில் சொன்னார்கள். அவை போலி என்று காட்ட ஆணையத்துக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: வாக்குச்சாவடி வாரியாக முடிவை வெளியிடுவது. அதை அது செய்யவே இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. கூட்டுத்தொகையை ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து எழுதிவிடலாம். முப்பதாயிரம் எந்திரங்களின் முடிவை, ஒன்றோடொன்று முரண்படாமல், ஆயிரக்கணக்கான முகவர்கள் கண்ணால் பார்த்த தாளோடும் ஒத்துப்போகும்படி ஜோடிப்பது மிகவும் கடினம். அதனால் அரசு ஓர் எண்ணைத் தரும்போது முதலில் கேட்க வேண்டியது, இது எந்த உதிரி எண்களைக் கூட்டி வந்தது, அவற்றைக் காட்டுவீர்களா என்பதுதான். காட்ட மறுத்தால் அந்த மறுப்பையே தலைப்புச் செய்தியாக எழுதலாம்.

உதிரி எண்களே வெளியே வராவிட்டால்? அப்போது வேறு அலுவலகத்தின் பதிவேட்டைத் தேட வேண்டும். எவ்வளவு கெடுபிடியான அரசும் அன்றாட நிர்வாகத்தை நடத்தியாக வேண்டும், அதற்கு உண்மையான பதிவுகள் தேவைப்படும். உக்ரைன் போரில் இறந்த வீரர்களின் எண்ணிக்கையை ரஷ்யா மறைத்தது. ஆனால் ஒருவர் இறந்தால் சொத்து வாரிசுக்குப் போக வேண்டும், அதற்கு நோட்டரியிடம் பதிவாக வேண்டும். மீடியாசோனா, மெடூசா என்ற இரண்டு சுதந்திர ஊடகங்கள் இந்த வாரிசுரிமைப் பதிவேட்டை எடுத்தன. போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண் பெண் பதிவுகள் எந்த விகிதத்தில் இருந்தன, போருக்குப் பின் இளவயது ஆண்களின் பதிவு எவ்வளவு கூடியது என்று ஒப்பிட்டன. 2023 மே மாத இறுதிக்குள் ஐம்பது வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 47,000 ரஷ்ய ஆண்கள் போரில் இறந்திருக்கிறார்கள் என்ற மதிப்பீடு அப்படித்தான் கிடைத்தது. ராணுவ அமைச்சகத்திடமிருந்து ஒரு காகிதம்கூட வாங்காமல்!

அர்ஜென்டினாவில் பணவீக்கத்துக்கும் இதே கதைதான். 2007 தொடக்கத்தில் அந்த நாட்டுப் புள்ளிவிவர நிறுவனத்தில் விலைக் குறியீட்டுக்குப் பொறுப்பாக இருந்த கிரேசியேலா பெவாக்குவா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் அரசின் எண்ணுக்கும் மக்கள் கொடுத்த விலைக்கும் சம்பந்தமில்லாமல் போனது. பொருளாதார ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ கவாயோ பெரிய கடைகளின் இணையதளங்களிலிருந்து தினமும் விலைகளை நிரல் மூலம் திரட்டினார். அவருக்குக் கிடைத்த ஆண்டுப் பணவீக்கம் ஏறக்குறைய 20 சதவீதம், அரசு சொன்னது ஏறக்குறைய 8. பதவி இழந்த பெவாக்குவா தனியாக மதிப்பீடு வெளியிட்டபோது அவருக்கு அரசு அபராதம் விதித்தது. கவாயோ செய்தது, கல்லூரிப் பாடத்தில் ஸ்கிராப்பிங் என்று நீங்கள் படிப்பதுதான். கோடு எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறதா என்றீர்களே, இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எப்போதும் இது பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சோவியத் ஒன்றியத்தில் 1937 ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16.2 கோடி பேர் வந்தார்கள். 1933 முடிவிலேயே 16.8 கோடி பேர் இருந்ததாக ஸ்டாலின் கட்சி மாநாட்டில் பேசியிருந்தார். 1932-33 பஞ்சத்தில் பல பத்து லட்சம் பேர் இறந்திருந்தார்கள். கணக்கெடுப்பை ரத்து செய்தார்கள். அதை நடத்திய புள்ளியியலாளர்களைக் கைது செய்து சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த முடிவுகள் வெளியே வர அரை நூற்றாண்டு ஆனது. எண்ணுபவரையே கொல்லும் அரசு இருக்கும் இடத்தில் உங்கள் நிரல் மட்டும் எதையும் மீட்டுவிடாது.

அதனால்தான் அந்த நிலை வருவதற்கு முன்பே, அறிகுறி தெரியும்போதே இயங்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் வேலைவாய்ப்பு எண்கள் பலவீனமாக வந்தன, முந்தைய இரண்டு மாத எண்களும் குறைத்துத் திருத்தப்பட்டன. சில மணி நேரத்தில் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பின் தலைவர் எரிகா மெக்கென்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவிநீக்கம் செய்தார். எண்கள் திருத்தப்படுவது ஒழுங்கான புள்ளிவிவர அமைப்பின் அடையாளம். தாமதமாக வரும் பதில்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள் என்று அர்த்தம். அதையே குற்றமாகக் காட்டுவது அடுத்து வருபவருக்கு விடுக்கும் மிரட்டல். அதே ஆண்டு ஜனவரி இறுதியில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்திலிருந்து பல பக்கங்களும் தரவுகளும் காணாமல் போயின. நீதிமன்றம் தலையிட்ட பிறகு சில திரும்பி வந்தன. நல்ல காலம், பிரதி எடுத்து வைத்தவர்கள் இருந்தார்கள். ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தினர் மட்டும் அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தரவுத் தொகுப்புகளைச் சேமித்து வெளியிட்டார்கள்.

பிரதி எடுப்பது பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது. கோப்பு எந்த வடிவத்தில் இருந்ததோ அப்படியே இறக்கி வையுங்கள். எந்த முகவரி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறியுங்கள். அந்தக் கோப்புக்கு எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுங்கள், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு குறியீடு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுதாக மாறிவிடும். ஆனால் ஹாஷை உங்கள் கணினியிலேயே வைத்திருந்தால் பிறகு நீங்களே மாற்றி எழுதினீர்கள் என்று சொல்லிவிடலாம். அதனால் எடுத்த அன்றே அதை வேறு நிறுவனத்திடமோ பொதுவெளியிலோ கொடுத்துவிடுங்கள். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினிலும் அந்தப் பக்கத்தைப் பதிந்துவிடுங்கள், மூன்றாம் தரப்புச் சாட்சியாக இருக்கும்.

அப்புறம், புதிய கோப்பு வரும்போது பழையதோடு ஒப்பிடும் நிரல் ஒன்று எழுதுங்கள். எண்களை மட்டும் பார்க்காதீர்கள். அட்டவணையில் ஒரு பத்தி (செங்குத்து வரிசை) சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருக்கும், அடிக்குறிப்பில் "வேலையில் இருப்பவர்" என்பதன் வரையறை மாறியிருக்கும். பொய் சொல்லாமலே எண்ணை மாற்ற அரசுகளுக்குத் தெரிந்த சுலபமான வழி வரையறையை மாற்றுவதுதான்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். உதிரித் தரவைக் கேளுங்கள் என்றேன். அது அலுவலகங்களைப் பற்றியது, வாக்குச்சாவடிகளைப் பற்றியது. தனிமனிதர்களைப் பற்றிய உதிரித் தரவு முற்றிலும் வேறு விஷயம். நெதர்லாந்தில் மக்கள் பதிவேடு மிக ஒழுங்காக, மத விவரத்தோடு, நல்ல நோக்கத்தில்தான் பராமரிக்கப்பட்டது. நாஜிகள் நாட்டைப் பிடித்ததும் அதே பதிவேடு யூதர்களைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்டது. அங்கிருந்த யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தை எதிர்ப்பு இயக்கத்தினர் வெடிவைத்துக் கொளுத்தினார்கள். ஒரு பகுதிதான் எரிந்தது. அதற்காக அவர்களில் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தரவை அழிப்பதற்காக மனிதர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தரவு சேகரிக்கும் நாம் மறக்கவே கூடாது.

ஆகவே நீங்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்தினால், செய்திக்குத் தேவையில்லாத பெயர், தொலைபேசி எண், மதம், இருப்பிடம் எதையும் வாங்காதீர்கள். இன்றைய ஆட்சி நல்லதாக இருக்கலாம். நாளை கணினியைப் பறிமுதல் செய்ய வருபவர் யார் என்று தெரியாது. தகவல் தந்தவரின் பெயரும் அவர் தந்த எண்ணும் ஒரே எக்செல் கோப்பில் இருக்கக் கூடாது. ஆவணத்தை வெளியிடும் முன் மெட்டாடேட்டாவை நீக்குங்கள். புகைப்படத்தில் எடுத்த இடமும், வேர்டு கோப்பில் எழுதியவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்ண லேசர் அச்சு எந்திரங்கள் பலவும் கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் எந்திர எண்ணையும் நேரத்தையும் அச்சிடும். எனவே கசிந்த காகிதத்தை அப்படியே ஸ்கேன் செய்து போடாமல், உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து வெளியிடுவது பாதுகாப்பு.

கடைசியாக, என்ன கற்றுக்கொள்ளலாம்? இயந்திரக் கற்றலில் தொடங்க வேண்டாம். பிடிஎஃப்பிலிருந்து அட்டவணையைப் பிரித்தெடுப்பது, இணையதளங்களிலிருந்து தரவு திரட்டுவது, அடிப்படைப் புள்ளியியல், இவை போதும். ஸ்கேன் செய்த அட்டவணையைப் படிக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தாளில் இல்லாத இலக்கத்தைக்கூட அவை நம்பிக்கையோடு எழுதிவிடும். ஒவ்வொரு பத்தியையும் நீங்களே கூட்டி, தாளில் அச்சாகியிருக்கும் கூட்டுத்தொகையோடு சரிபாருங்கள். பொருந்தாத வரிசையை மூலத்தில் கண்ணால் பாருங்கள்.

நீங்கள் அக்கறைப்படும் ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். சிசு மரணமோ, காற்று மாசோ, சிறைக் கைதிகளோ, எதுவானாலும் சரி. அந்தத் துறை மாதாமாதம் வெளியிடும் ஒரே ஓர் அட்டவணையின் பிரதியை இந்த மாதத்திலிருந்தே எடுக்கத் தொடங்குங்கள். அந்தத் துறையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திக்கும் என்ன அர்த்தம், அந்த எண் எந்த அலுவலகத்தில் பிறக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள்.