எத்தனை ஷாட் வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரைதான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது பனித்தரை ஹாக்கி. அதிலும் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் கோல்கீப்பர்களைப் பற்றி.

அவர்களை எடைபோட இரண்டு எண்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். 60 நிமிட ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் விட்டார் என்பது ஒன்று. கோலை நோக்கி வந்த ஷாட்களில் நூற்றுக்கு எத்தனையைத் தடுத்தார் என்பது இன்னொன்று.

2021-22 பருவத்தை எடுத்துக்கொள்வோம். மினசோட்டா ஸ்டேட் அணியின் டிரைடன் மெக்கே ஆட்டத்துக்கு 1.31 கோல் விட்டார். 38 வெற்றி, ஒரே பருவத்தில் அத்தனை வெற்றி அதற்கு முன் எந்தக் கல்லூரி கோல்கீப்பருக்கும் அமைந்ததில்லை. பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் அணிக்கு ஆடிய டெவன் லெவி விட்டது 1.54. அப்படியானால் மெக்கேதான் மேல் என்று தோன்றும், இல்லையா?

சரி, அடுத்த எண்ணுக்கு வருவோம். மெக்கே தடுத்தது நூற்றுக்கு 93.1. லெவி தடுத்தது 95.2. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். மெக்கேவுக்கு ஒரு ஆட்டத்தில் வந்தவை ஏறக்குறைய 19 ஷாட்கள்தான். லெவிக்கோ 32. மெக்கேவின் முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்கள் எதிரணியைக் கிட்டே நெருங்கவே விடவில்லை. கோல் சராசரியில் பாதி அவர்களுடைய உழைப்பு.

மெக்கேவின் வேலை சுலபம் என்று இதற்கு அர்த்தமில்லை. பத்து நிமிடம் ஒன்றுமே வராமல் உடம்பு ஆறிப்போய் நிற்பார். திடீரென்று ஒருவன் தனியாகப் பாய்ந்து வருவான். 19 ஷாட்டில் இரண்டு உள்ளே போனால் அன்றைய கணக்கு 90-க்குக் கீழே. அதே இரண்டு கோலை 32 ஷாட்டில் விட்டவருக்கு 93-க்கு மேல்.

அந்த ஆண்டு சிறந்த ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருது மெக்கேவுக்குப் போனது. கோல்கீப்பருக்கென்றே தரப்படும் மைக் ரிக்டர் விருது லெவிக்கு. கோல்கீப்பிங்கை மட்டும் பார்த்தால் நானும் லெவியைத்தான் சொல்வேன்.

ஆனால் தடுப்பு விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதில் எல்லா ஷாட்டும் ஒன்றுதான். கோலுக்கு வெகு தூரத்தில் தரையில் போட்டிருக்கும் நீலக்கோட்டுக்கு அப்பாலிருந்து சோம்பலாக வந்ததும் ஒன்று. கோல் வாசலில் இரண்டு பேர் கண்ணை மறைத்து நிற்க, சொந்த அணிக்காரரின் ஸ்கேட்டில் பட்டுத் திசை திரும்பியதும் ஒன்று. பனித்தரை ஹாக்கியில் பந்துக்குப் பதில் இருக்கும் பக், மூன்று அங்குல அகல ரப்பர் வில்லை. முழங்காலை மடக்கி, கால் காப்புகளை இரண்டு பக்கமும் விரித்து கோல்கீப்பர் தரையில் விழுந்திருப்பார். பக் தோளுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அதை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஏட்டில் அது ஒரு கோல், அவ்வளவுதான்.

அப்புறம், கல்லூரிப் பருவம் குட்டையானது. ஒரு முழுப் பருவத்துக்கு ஒருவருக்கு ஆயிரம் ஷாட் வந்தாலே பெரிது. 92-க்கும் 91-க்கும் நடுவே இருப்பது பத்தே கோல். அந்தப் பத்தில் எத்தனை ஸ்கேட்டில் பட்டுத் திரும்பியவை என்று யார் எண்ணினார்கள்?

அடுத்த பருவத்திலும் லெவி அதே அணிக்குத்தான் ஆடினார். ஏறக்குறைய அதே அளவு ஷாட்கள் வந்தன. விகிதம் 93.3-க்கு இறங்கியது, சராசரி 2.24-க்கு ஏறியது. ரிக்டர் விருது மறுபடியும் அவருக்குத்தான் போனது.

நன்றி, வணக்கம்.