காத்திருக்கும் சரங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேர்ட்பிரஸில் இணையதளம் நடத்துகிறவர்களுக்குத் தீம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தளத்தின் தோற்றத்தை, எழுத்துரு முதல் பட்டியல் அமைப்பு வரை, தீர்மானிக்கிற கோப்புகளின் தொகுப்புதான் தீம். வேர்ட்பிரஸ், 2003இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இரண்டு நிரலாளர்கள் தொடங்கிய, இணையதளம் நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். அதற்கென்று ஆயிரக்கணக்கான தீம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். அந்தத் தீம்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அந்த உழைப்பை எப்படிக் கட்டிக்காப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு தீமில் நம் கண்ணில் படும் ஒவ்வொரு சொல்லையும் தொடரையும் நாங்கள் சரம் என்போம். ‘தேடு’ ஒரு சரம். ‘அடுத்த பக்கம்’ ஒரு சரம். தீமை எழுதுகிறவர் இவற்றை ஆங்கிலத்தில் எழுதி, இது மொழிபெயர்க்க வேண்டியது என்று நிரலிலேயே அடையாளம் வைத்துவிடுவார். கெட்டெக்ஸ்ட் என்ற பழைய, உறுதியான முறை அது. தீம் வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தில் ஏறியதும், சரங்கள் எல்லாம் மொழிபெயர்ப்புக்கான தளத்துக்குத் தாமாகவே வந்துவிடும். கணக்கு வைத்திருக்கும் எவரும் அங்கே போய்த் தமிழை எழுதலாம்.

எழுதியது உடனே யாருக்கும் போய்ச் சேராது. அது காத்திருப்புப் பட்டியலில் நிற்கும். அந்த மொழிக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் பெற்ற சரங்கள் 90 விழுக்காட்டைத் தொட்டால் மொழித்தொகுப்பு ஒன்று உருவாகும். தமிழைத் தேர்ந்தெடுத்த தளங்களுக்கெல்லாம் அது தானாகச் சென்றுவிடும்.

ஒப்புதல் தருகிறவர்கள் இரண்டு வகை. மொழி முழுவதற்குமான பொது ஆசிரியர்கள் சிலர். ஒரு குறிப்பிட்ட தீமுக்கு மட்டும் உரிமை பெற்ற ஆசிரியர்கள் சிலர். தீமை எழுதியவருக்கே கூட, தன் தீமின் தமிழுக்கு ஒப்புதல் தர உரிமை தானாகக் கிடைத்துவிடாது. இதைக் கேட்டுப் பல நிரலாளர்கள் கோபப்படுவார்கள். எனக்கு இந்த விதி பிடிக்கும். போலந்தில் உட்கார்ந்து தீம் எழுதுகிறவருக்குத் தன் வேலை தமிழில் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஆனால் இந்த விதிக்கு ஒரு விலை உண்டு. பொது ஆசிரியர்கள் மிகச் சிலர்தான், அவர்களும் தன்னார்வலர்கள். வேலை முடித்து வந்து இரவில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். இதற்கிடையே ஒரு கல்லூரி மாணவி ஆர்வத்தோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எண்பது சரங்களைத் தமிழாக்குகிறாள் என்று வையுங்கள். அவை மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அவள் மறுபடி வருவாளா? மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று புலம்புவதைப் பல இடங்களில் கேட்கிறேன். ஆட்கள் வருகிறார்கள். வந்தவருக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. தன்னார்வ மொழிபெயர்ப்பை நிர்வகிப்பது என்றால் என்ன என்று கேட்டால், வந்த பரிந்துரைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் தருவது என்பேன். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதில் என்றால் வெறும் ஏற்பு, நிராகரிப்பு அல்ல. ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். முதல் பத்துச் சரங்களுக்குக் காரணம் எழுதினால், அடுத்த நூறு சரங்களில் அந்தப் பிழை வராது. நேரம் மிச்சம். அப்படி இரண்டு மூன்று மாதம் நன்றாகச் செய்கிறவரை, அந்தத் தீமுக்கான ஆசிரியராக்கும்படி பொது ஆசிரியர்களிடம் கேட்கலாம். தீம் உருவாக்கியவரே இந்தக் கோரிக்கையை எடுத்துச் செல்லலாம், செல்லவும் வேண்டும். தமிழ் தெரியாத நிரலாளர் தமிழுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான்.

தமிழுக்கென்று இன்னொரு சுமையும் இருக்கிறது. வேர்ட்பிரஸில் தமிழ் இரண்டு வரிசையாக இருக்கிறது, இந்தியத் தமிழ் ஒன்று, இலங்கைத் தமிழ் ஒன்று. வழக்கில் வேறுபாடு உண்டு என்பதால் இரண்டும் தனித்தனியாக இருப்பது நியாயமே. ஆனால் ஒன்றில் முடித்த வேலை மற்றொன்றுக்குத் தானாக வராது. மதுரையிலிருந்து ஒருவர் முடித்த தீமை யாழ்ப்பாணத்தில் ஒருவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கோப்பாக இறக்கி, மாற்ற வேண்டியதை மாற்றி ஏற்றலாம். இரண்டு பக்கத்துக் குழுக்களும் பேசிக்கொண்டால்தான் இது நடக்கும்.

இனி, தீம் எழுதுகிறவர்கள் பக்கம் வருகிறேன். மொழிபெயர்ப்பில் வரும் பிழைகளில் பாதி அவர்கள் மேசையிலேயே பிறந்துவிடுகிறது.

‘இன்னார் இந்தத் தேதியில் எழுதியது’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் தேதியும் ஒவ்வொரு பதிவுக்கும் மாறும். அதனால் அந்த இடங்களில் இடக்குறிகளை வைப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர் பெயர் முதலில், தேதி பிறகு. தமிழில் தேதியை முன்னால் வைக்கத் தோன்றும். இடக்குறிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்திருந்தால் நாம் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். எண் இல்லாவிட்டால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தேதி வந்து நிற்கும். இதைவிடக் கெடுதல், சில நிரலாளர்கள் தொடரையே துண்டு துண்டாக வெட்டி, ‘எழுதியவர்’ ஒரு சரம், ‘அன்று’ இன்னொரு சரம் என்று தருவது. அதைத் தமிழில் கோக்கவே முடியாது.

வேற்றுமை உருபு அடுத்த சிக்கல். இடக்குறியில் ‘சென்னை’ வரலாம், ‘கடலூர்’ வரலாம், ‘தஞ்சாவூர்க் கோயில்கள்’ என்றும் வரலாம். பின்னால் ‘இல்’ என்று ஒட்டினால் ‘சென்னைஇல்’ என்று திரையில் விழும். என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது உருபை ஒட்டக்கூடாது. ‘பிரிவு’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அதன் பிறகு பெயரை விட்டுவிடுவதே நல்லது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பன்மையை இந்த முறை நன்றாகவே கையாள்கிறது. ஜப்பானிய மொழிக்கு ஒரே வடிவம், தமிழுக்கு இரண்டு, ரஷ்ய மொழிக்கு மூன்று, அரபிக்கு ஆறு. நிரலாளர் அதற்குரிய கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் போதும்.

2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல், ‘பிளாக்’ எனப்படும் தொகுதிகளால் ஆன புதிய வகைத் தீம்கள் வந்தன. இவற்றின் பக்க வார்ப்புகள் வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். அவற்றுக்குள் நேரடியாக எழுதிய சொற்களை மொழிபெயர்ப்பு முறை பார்க்காது. ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்பது தமிழ்த் தளத்திலும் ஆங்கிலத்திலேயே நிற்பதற்கு இது ஒரு காரணம். அத்தகைய சொற்களை, வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதும் வடிவக்கோப்புகளுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. தெரிந்த தீம் எதிலாவது இப்படிப் பார்த்தால், தமிழாக்கியவரைக் குறை சொல்லாமல் தீம் எழுதியவருக்குச் சொல்லுங்கள்.

பிறகு, காலம். ஆங்கிலச் சரத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அது வேறு சரம். பழைய தமிழாக்கம் மறுபார்வைக்குப் போய்விடும், பயனருக்கு அந்த இடத்தில் ஆங்கிலம் தெரியும். வெளியீட்டுக்கு முந்தைய நாள் இரவு அழகுக்காக இருபது சரங்களைத் திருத்துகிற நிரலாளர், உலகெங்கும் இருக்கிற தன்னார்வலர்களின் வேலையை ஒரே நொடியில் கலைத்துவிடுகிறார். வேர்ட்பிரஸின் மையக் குழு, வெளியீட்டுக்கு முன் கடைசிக் கட்டத்தில் வரும் சோதனைப் பதிப்போடு சரங்களை உறையவைத்துவிடும். அதற்குமேல் சொல் மாறாது. சிறிய தீம்களும் இரண்டு வாரம் அப்படி நிறுத்திவைக்கலாம். செலவே இல்லாத மரியாதை அது.

தீமின் தோற்றத்தைத் தமிழில் பார்க்காமல் வெளியிடவும் கூடாது. வரி உயரத்தைக் குறுக்கினால் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும், ‘மு’வின் வால் கீழே வெட்டுப்படும். பொத்தான்களில் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் அடங்கியது தமிழில் இரண்டு வரியாகும். மொழிபெயர்த்தவருக்கு ஒரு சோதனைத் தளத்தைத் திறந்துவிட்டால் அவரே இவற்றைப் பிடித்துக்கொடுப்பார்.

வேர்ட்பிரஸுக்கு வெளியே, ஜெக்கில், ஹியூகோ போன்ற, தளம் உருவாக்கும் கருவிகளின் தீம்களில் ஆசிரியர் என்ற அடுக்கே பெரும்பாலும் இல்லை. மொழிக்கு ஒரு சிறு கோப்பு. யாரோ அனுப்புவார், பராமரிப்பவர் சேர்த்துக்கொள்வார், ஒரு வார்த்தை படிக்கத் தெரியாமலேயே. அங்கே நான் சொல்வது ஒன்றுதான், அந்த மொழி தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்த பிறகு சேருங்கள். இடக்குறி விடுபட்டதா என்பது போன்றவற்றைக் கருவிகளே சொல்லிவிடும். செக் நாட்டு நிரலாளர் மிகால் சிஹார் 2012இல் தொடங்கிய வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி கட்டற்ற திட்டங்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

மொத்தமாக இயந்திரத்தில் போட்டு எடுத்து ஏற்றுகிறவர்களும் வருகிறார்கள். ஐந்நூறு சரம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அதைச் சரிபார்க்கிறவருக்கு முழு வார இறுதி போய்விடும். இயந்திரத்தின் முதல் வரைவை வரிவரியாகத் திருத்தி அனுப்பினால் மகிழ்ச்சியோடு பார்ப்பேன். திருத்தாமல் வந்தால் அப்படியே நிராகரித்துவிடுவேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது ஆர்வம் வந்திருந்தால், பெரிய தீமில் கை வைக்க வேண்டாம். நீங்களே பயன்படுத்துகிற ஒன்றை எடுங்கள். பத்தே சரம் செய்து அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். வாரம் கடந்தும் பதில் வராவிட்டால் தமிழ் ஆசிரியர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது தொந்தரவு அல்ல. தீமை உருவாக்குகிற நண்பர்களே, அடுத்த பதிப்பின் மாற்றக்குறிப்பில் தமிழாக்கியவரின் பெயரையும், அவர் விரும்பினால், சேர்த்துப் போடுங்கள்.

நன்றி. வணக்கம்.